உதய்ப்பூருக்குப் போனால் பாகோர் ஹவேலியில் தொடங்குங்கள்

ராஜஸ்தானின் உதய்ப்பூருக்குச் செல்பவர்களில் பெரும்பாலோர் முதல் நாள் காலையிலேயே நகர அரண்மனைக்குள் நுழைந்து, மதியத்துக்குள் கால் ஓய்ந்து, பிறகு படகுச் சவாரிக்குப் போய்விடுகிறார்கள். பிச்சோலா ஏரிக்கரையில் நிற்கும் பாகோர் கி ஹவேலி என்ற பழைய மாளிகை அவர்களுடைய திட்டத்தில், இரவு நடன நிகழ்ச்சிக்கான ஒரு மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ளும்படி நான் பரிந்துரைக்கிறேன். அரண்மனையைப் போல மலைக்க வைக்கும் அளவில் இல்லாமல், மனிதர்கள் வாழ்ந்த வீடு என்று நம்பக்கூடிய அளவில் இருக்கும் கட்டடம் இது. அதோடு, 1838 முதல் 1884 வரை, உதய்ப்பூரைத் தலைநகராகக் கொண்ட மேவார் அரசை அடுத்தடுத்து ஆண்ட நான்கு மகாராணாக்கள் அரச குடும்பத்தின் பாகோர் கிளையிலிருந்து தத்தெடுக்கப்பட்டுச் சென்றவர்கள். சர்தார் சிங், சுவரூப் சிங், சம்பு சிங், சஜ்ஜன் சிங் ஆகிய இந்த நான்கு பெயர்களை, அதிலும் கடைசிப் பெயரை, மனத்தில் வைத்துக்கொண்டால் நகரத்தில் பிறகு பார்க்கப்போகும் பல இடங்கள் ஒன்றோடொன்று தொடர்புடையவையாகத் தெரியத் தொடங்கும்.

போய்ச் சேரும் வழி

உதய்ப்பூர் விமான நிலையம் நகருக்குக் கிழக்கே டபோக் என்ற ஊரில், சுமார் 22 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ரயிலில் வர விரும்புகிறவர்களுக்கு மைசூரிலிருந்து பெங்களூரு வழியாக உதய்ப்பூர் வரை வாரம் ஒருமுறை ஓடும் ஹம்சஃபர் விரைவு வண்டி வசதியானது. சென்னையிலிருந்து அகமதாபாத் வரை வந்து அங்கிருந்து வண்டி மாறுவதும் இப்போது எளிது. அகமதாபாத்துக்கும் உதய்ப்பூருக்கும் இடையிலான பழைய மீட்டர் கேஜ் பாதை அகலப்பாதையாக மாற்றப்பட்டு 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்டது.

பயணத்துக்கு அக்டோபர் முதல் மார்ச் வரையிலான மாதங்கள் ஏற்றவை. கோடையில் வெயில் கடுமையாக இருப்பது ஒருபுறம் இருக்க, மழை பொய்த்த ஆண்டுகளில் பிச்சோலாவின் நீர்மட்டம் வெகுவாக இறங்கிவிடுவதும் உண்டு. நீரில்லாத ஏரியைப் பார்க்க இவ்வளவு தூரம் வருவது வீண். டிசம்பர், ஜனவரி இரவுகளில் ஏரிக்கரைக் குளிர் நம் ஊர் மார்கழிக் குளிரைவிட அதிகம் என்பதால், பெட்டியில் நல்ல கம்பளிச் சட்டை ஒன்று இருக்க வேண்டும்.

தங்குவதற்குப் பழைய நகரத்தை, அதாவது ஜகதீஷ் சௌக், லால் காட், கங்கௌர் காட் பகுதிகளைத் தேர்ந்தெடுத்தால் முக்கியமான இடங்கள் எல்லாம் நடை தூரத்தில் அமையும். இங்கே ‘காட்’ என்பது நம் படித்துறை. ஆனால் சந்துகள் குறுகலானவை, ஏற்ற இறக்கமானவை. பெரிய வாகனங்கள் பல விடுதிகளின் வாசல் வரை வரமாட்டா. பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாத பெரியவர்கள் உடன் வந்தால், அறை பதிவு செய்யும்போதே வண்டி எதுவரை வரும், எத்தனை மாடி ஏற வேண்டும் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். ஏரிக் காட்சி என்று விளம்பரப்படுத்தப்படும் அறைகள் பெரும்பாலும் மேல் மாடியிலேயே இருக்கும்.

ஹவேலிக்குச் செல்ல ஆட்டோ ஓட்டுநரிடம் ஜகதீஷ் கோயில் என்று சொன்னால் போதும். அங்கே இறங்கி, ஏரியை நோக்கிச் சரியும் தெருவில் சில நிமிடங்கள் நடந்தால், மூன்று வளைவுகள் கொண்ட வெள்ளை வாயில் ஒன்று கண்ணில் படும். திரிபோலியா எனப்படும் அந்த வாயிலுக்கு அப்பால் கங்கௌர் காட் படிகளும் ஏரியும் இருக்கின்றன. ஹவேலியின் நுழைவாயிலும் அதே இடத்தில்தான் உள்ளது.

அமைச்சர் கட்டிய வீடு

இந்த ஹவேலியைக் கட்டியவர் அரசர் அல்லர். 1751 முதல் 1778 வரை மேவாரின் பிரதம அமைச்சராக இருந்த அமர்சந்த் பட்வா இதைக் கட்டினார். மராத்தியப் படைகள் ராஜபுதனத்தை அலைக்கழித்த காலம் அது. 1769-இல் மராத்தியத் தளபதி மகாத்ஜி சிந்தியா உதய்ப்பூரை முற்றுகையிட்டபோது, நகரத்தின் காப்பு அமர்சந்தின் பொறுப்பில்தான் இருந்தது. அவர் இறந்தபோது ஈமச் சடங்குக்குக்கூடப் போதிய பணம் வீட்டில் இல்லாததால் ஊர்மக்கள் திரட்டிக் கொடுத்தார்கள் என்று ஒரு பழைய குறிப்பு உண்டு. நூற்றுக்கும் மேற்பட்ட அறைகள் கொண்ட இந்த மாளிகைக்குள் நின்று அந்தக் குறிப்பை நினைத்துப் பார்ப்பது விசித்திரமான அனுபவம்.

அவருக்குப் பின் கட்டடம் அரச குடும்பத்தின் வசம் சென்று, பாகோர் கிளையினரின் இருப்பிடமாயிற்று. 1878-இல் பாகோரின் மகராஜ் சக்தி சிங் மூன்று வளைவு வாயிலை ஒட்டிய பகுதியைக் கட்டி விரிவாக்கியதிலிருந்து இன்றைய பெயர் நிலைத்தது. அந்தச் சக்தி சிங்கின் மகன்தான் சஜ்ஜன் சிங். சுதந்திரத்துக்குப் பின் அரசு ஊழியர்களின் குடியிருப்பாகப் பயன்பட்டு, சுவர்கள் கறுத்து, பராமரிப்பின்றிக் கிடந்த வீட்டை 1986-இல் மேற்கு மண்டலப் பண்பாட்டு மையம் பெற்றுக்கொண்டு, பழைய முறையிலேயே சுண்ணாம்புக் காரை கொண்டு புதுப்பித்து அருங்காட்சியகமாக்கியது. தஞ்சாவூரில் இயங்கும் தென்மண்டலப் பண்பாட்டு மையத்தின் உடன்பிறப்பு நிறுவனம் இது.

அருங்காட்சியகத்துக்குக் காலை பத்து மணி அளவில் சென்றுவிடுங்கள். கூட்டம் குறைவாக இருக்கும் என்பது ஒரு காரணம். கிழக்கே எழும் வெயில் ஏரியின் மறுகரையில் விழுவதால் சாளரங்கள் வழியாகத் தெரியும் காட்சி தெளிவாக இருக்கும் என்பது இன்னொன்று. ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் நிதானமாகப் பார்க்கலாம். படிக்கட்டுகள் குறுகலானவை, ஒவ்வொரு படியும் உயரமானது, நிலைகள் தாழ்வானவை. தலையைக் குனிந்து செல்லும் பழக்கத்தை வாசலிலேயே தொடங்கிவிடுவது நெற்றிக்கு நல்லது.

வீட்டின் அமைப்பைப் புரிந்துகொள்ள முற்றங்களைப் பின்தொடருங்கள். செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிது. வெளியாருக்கான கட்டு முன்னால், குடும்பத்துக்கான கட்டு உள்ளே, ஒவ்வொரு கட்டுக்கும் வானம் பார்த்த முற்றம் என்ற ஒழுங்கு இரண்டுக்கும் பொதுவானது. வேறுபாடு ஒன்று உண்டு. காரைக்குடிப் பக்கத்து வீடு தெருவிலிருந்து பின்தெரு வரை நேர்கோட்டில் நீளும், முன்வாசலில் நின்றால் பின்வாசல் தெரியும். இங்கேயோ கட்டடம் கரையின் சரிவுக்கு ஏற்ப மேலேறி, மடங்கி, திரும்பி வருவதால், அடுத்த அறை எந்த மட்டத்தில் இருக்கும் என்பதை ஊகிக்க முடியாது. வழி தவறினால் கவலைப்படாமல் ஏரிப் பக்கச் சாளரம் ஒன்றைத் தேடுங்கள். அதிலிருந்து திசை பிடித்துக்கொள்ளலாம்.

மாடியில் உள்ள பெண்கள் பகுதிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். அரசியின் அறையில் வண்ணக் கண்ணாடித் துண்டுகளைப் பதித்துச் செய்த இரண்டு மயில்கள் இருக்கின்றன. அருகில் நின்று பார்த்தால் துண்டுகளாகவும், நாலடி பின்னே சென்றால் பறவையாகவும் தெரியும் நுணுக்கமான வேலை அது. மறுநாள் அரண்மனையில் இதன் பெரிய வடிவத்தைப் பார்க்கப் போவதால், இந்த மயில்களின் கழுத்து நிறத்தையும் தோகையின் அடுக்கையும் நன்றாகக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். சுவர்களில் மீட்டெடுக்கப்பட்ட மேவார் பாணி ஓவியங்கள், குளியலறை, ஒப்பனை அறை, பூசையறை, சொக்கட்டான் விளையாடும் இடம் என்று அறைகள் தொடர்கின்றன. நகைப்பெட்டி, ஹூக்கா, கைவிசிறி, பன்னீர்ச் சொம்பு, செப்புப் பாத்திரங்கள் ஆகியவற்றைத் தாண்டி வெற்றிலைச் செல்லத்துக்கும் பாக்குவெட்டிக்கும் முன்னால் வரும்போது தமிழ் வீட்டில் வளர்ந்த எவரும் ஒரு கணம் நின்றுவிடுவார்கள். நம் பாட்டிமார் வைத்திருந்தவற்றுக்கும் இவற்றுக்கும் வேலைப்பாட்டில்தான் வித்தியாசம்.

கல் சல்லடைச் சாளரங்களுக்குப் பின்னால் அமர்ந்து வெளியே பார்க்கத் தவறாதீர்கள். படித்துறையில் துணி துவைப்பவரையும் புறாக்களுக்குத் தானியம் இறைப்பவரையும் நீங்கள் பார்க்கலாம், அவர்களால் உங்களைப் பார்க்க முடியாது. கோஷா முறையின் கட்டுப்பாடும், அதற்குள் இருந்தபடியே ஊரைக் கண்காணிக்கும் வசதியும் ஒரே கல்லில் செதுக்கப்பட்டிருப்பதை அங்கே அமர்ந்தால்தான் உணர முடிகிறது.

தலைப்பாகைக் கூடத்தில் உலகிலேயே பெரியது என்று சொல்லி வைத்திருக்கும் தலைப்பாகையும், தெர்மாகோலில் செய்த புகழ்பெற்ற கட்டடங்களின் மாதிரிகளும் குழந்தைகளுக்குப் பிடிக்கும். பெரியவர்கள் அவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். பொம்மைக் கூடத்தைக் கடந்துவிட வேண்டாம். ராஜஸ்தானின் கட்புத்லி பொம்மைகளுக்குக் கால்கள் கிடையா. நீண்ட பாவாடையே காலின் வேலையைச் செய்கிறது. நம் பொம்மலாட்டத்தில் கனமான மரப்பொம்மையைக் கயிறும் கம்பியும் கொண்டு, உடல் வலிமையோடு ஆட்டுகிறார்கள். இங்கே எடை குறைந்த பொம்மையை விரல்களில் சுற்றிய ஓரிரு நூல்களால் ஆட்டுகிறார்கள். அதனால் அவர்களுடைய பொம்மை துள்ளுகிறது, சுழல்கிறது, தலைகீழாகப் பாய்கிறது. நம்முடைய பொம்மை நின்று நிதானமாக நடக்கிறது. இரவு நிகழ்ச்சிக்கு முன் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

தரோஹர் நிகழ்ச்சி

பாரம்பரியச் சொத்து என்று பொருள்படும் தரோஹர் என்ற நாட்டுப்புறக் கலை நிகழ்ச்சி ஹவேலியின் வேப்பமர முற்றத்தில், நீம் சௌக்கில், இரவு 7 மணிக்குத் தொடங்கி ஒரு மணி நேரம் நடக்கிறது. அருங்காட்சியகச் சீட்டு இதற்குச் செல்லாது, தனியாக வாங்க வேண்டும். குளிர்காலத்தில் இடம் விரைவில் நிரம்பிவிடும் என்பதால், காலையில் ஹவேலியைப் பார்க்க வரும்போதே அன்றைய சீட்டு எப்போது, எங்கே கொடுக்கப்படும் என்று விசாரித்துக்கொண்டு, மாலையில் ஆறு மணிக்கெல்லாம் வரிசையில் நின்றுவிடுங்கள். முன்வரிசைகள் தரையில் விரித்த மெத்தைகளே. சம்மணமிட்டு அமர முடியாதவர்கள் கதவு திறந்ததும் பின்பக்க இருக்கைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

நிகழ்ச்சியில் ‘சரி’ என்ற நடனத்தில் பெண்கள் தலையில் தீ எரியும் பித்தளைக் குடத்துடன் ஆடுவார்கள். தேரா தாலி என்பது காமட் சமூகத்துப் பெண்களின் கலை. உடம்பில் பதின்மூன்று தாளங்களைக் கட்டிக்கொண்டு, தரையில் அமர்ந்தபடி, கையில் உள்ள தாளத்தைக் கயிற்றில் சுழற்றி அவற்றைத் தட்டி ஒலி எழுப்புவார்கள். பவாய் என்ற நடனத்தில் குடத்தின் மேல் குடமாக அடுக்கிக்கொண்டு ஆடுவது நமக்குக் கரகாட்டத்தை நினைவூட்டும். சுற்றுலாப் பயணிகளுக்காகத் தொகுக்கப்பட்ட நிகழ்ச்சி என்பதால் ஒவ்வொன்றும் சில நிமிடங்களே நீடிக்கும். விரிவாகப் பார்க்க நினைப்பவர்களுக்கு அது குறையாகத் தோன்றலாம். ஆனாலும் நூற்றாண்டுகள் பழைய முற்றத்தில், வெறும் கைக்கெட்டும் தூரத்தில் ஆட்டத்தைப் பார்ப்பது அரங்கத்தில் கிடைக்காத ஒன்று. பொம்மலாட்டக் கலைகளில் ஆர்வம் மேலிட்டால், தேவிலால் சாமர் 1952-இல் நிறுவிய பாரதிய லோக் கலா மண்டல் என்ற நாட்டார் கலை அருங்காட்சியகமும் இதே நகரில் இருக்கிறது.

நிகழ்ச்சி முடிந்ததும் விடுதிக்குத் திரும்பாமல், கங்கௌர் காட் பக்கத்திலிருந்து நடைபாலத்தைக் கடந்து எதிர்க்கரைக்குச் சென்று அம்ப்ராய் காட் வரை நடந்துவிட்டு வாருங்கள். பகல் முழுவதும் நீங்கள் உள்ளிருந்து பார்த்த ஹவேலியும், மறுநாள் பார்க்கப்போகும் அரண்மனையும் விளக்கொளியோடு நீரில் தலைகீழாகத் தெரியும். உதய்ப்பூரில் காசு கொடுக்காமல் கிடைக்கும் மிகச் சிறந்த காட்சி இதுதான் என்பது என் கருத்து.

மறுநாள் கோயிலும் அரண்மனையும்

காலையில் முதலில் ஜகதீஷ் கோயிலுக்குப் போய்விடுங்கள். பிற்பகலில் நடை சாத்திவிடுவார்கள். முதலாம் ஜகத் சிங் 1651-இல் கட்டி முடித்த இந்தத் திருமால் கோயிலுக்கு 32 படிகள் ஏற வேண்டும். நம் கோயில்களில் நுழைவாயில் கோபுரம் வானளாவ நிற்கும், கருவறை விமானம் பல இடங்களில் சிறியதாக அடங்கியிருக்கும். இங்கே அதற்கு நேர்மாறாக, உயரம் முழுவதும் கருவறைக்கு மேலேயே குவிந்திருக்கிறது. எதிரே பித்தளையில் கருடன் அமர்ந்திருக்கிறார், சுற்றிலும் நான்கு மூலைகளில் சிறிய சன்னிதிகள் உள்ளன. வெளிச்சுவரின் யானை வரிசையையும் நடனமாதர் சிற்பங்களையும் ஒரு சுற்று வந்து பார்த்துவிட்டு இறங்கினால், சில நிமிட நடையில் அரண்மனையின் ‘படீ போல்’ எனப்படும் வாயில் வந்துவிடும்.

1559-இல் இரண்டாம் உதய் சிங் தொடங்கி வைத்து, ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் அரசருக்கு அரசர் சேர்த்துக் கட்டிய அரண்மனை இது. ஏரிப் பக்க முகப்பின் நீளம் மட்டும் சுமார் 244 மீட்டர். மூன்று மணி நேரமாவது வேண்டும். உள்ளே ஒருவழிப் பாதையாகவே நடக்க வேண்டியிருப்பதால், தவறவிட்ட இடத்துக்குத் திரும்பி வருவது கடினம். எங்கும் நின்று கிடக்காமல் மோர் சௌக் எனப்படும் மயில் முற்றத்துக்கு நேரத்தைச் சேமித்து வையுங்கள். அங்குள்ள மயில்கள் சஜ்ஜன் சிங் காலத்தில் சுமார் ஐயாயிரம் கண்ணாடித் துண்டுகளால் பதிக்கப்பட்டவை. பாகோர் வீட்டிலிருந்து பதினைந்து வயதில் அரியணைக்கு வந்தவரின் முற்றத்தில், நேற்றுப் பார்த்த மயில்களின் பெரிய வடிவங்கள் நிற்கின்றன. எது எதற்கு முந்தியது என்ற ஆராய்ச்சியை நிபுணர்களிடம் விட்டுவிடலாம். ஒரே கைத்திறன் மரபு வீட்டளவிலும் அரண்மனையளவிலும் எப்படி மாறுகிறது என்பதைக் கண்ணால் ஒப்பிட்டுப் பார்ப்பதே போதுமான இன்பம்.

அரண்மனை வளாகத்தில் ஃபதே பிரகாஷ் மாளிகையில் உள்ள படிகக் கூடத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு, அதுவும் கொஞ்சம் அதிகம். 1877-இல் சஜ்ஜன் சிங் இங்கிலாந்தின் ஆஸ்லர் நிறுவனத்திடம் படிகக் கண்ணாடியில் நாற்காலி, மேசை, கட்டில் எல்லாம் செய்யச் சொல்லி அனுப்பினார். அவை வந்து சேர்வதற்குள் 1884-இல், இருபத்தைந்து வயதிலேயே அவர் இறந்துபோனார். அந்தக் கதை உங்களைத் தொடுமானால் பணம் கொடுத்துப் பாருங்கள், இல்லையென்றால் விட்டுவிடலாம்.

இங்குள்ள வழிகாட்டிகள் அடிக்கடி விளக்கும் ஒரு செய்தியை நீங்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். மேவாரின் உண்மையான அரசர் ஏகலிங்கர் என்ற சிவபெருமான், மகாராணா அவருடைய திவான் மட்டுமே என்பது இவர்களுடைய மரபு. தன்னைப் பத்மநாபதாசர் என்று அழைத்துக்கொண்ட திருவிதாங்கூர் அரசரை அறிந்த நமக்கு இது புதிதல்ல. ஏகலிங்கர் கோயில் நகரிலிருந்து சுமார் 22 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. மூன்றாவது நாள் கைவசம் இருந்தால் அங்கும், அதே சாலையில் மேலும் சென்றால் வரும் வைணவத் தலமான நாத்துவாராவுக்கும் போய் வரலாம்.

பிற்பகலில் படகு. அரண்மனைக்குள் உள்ள துறையிலிருந்து செல்லும் படகுகள் ஜக் மந்திர் தீவில் இறக்கிவிடும். பிற்காலத்தில் ஷாஜகானாக முடிசூடிய இளவரசர் குர்ரம், தந்தை ஜஹாங்கீருக்கு எதிராகக் கலகம் செய்து 1620-களில் அடைக்கலம் புகுந்த தீவு அது. ஏரி நடுவே வெண்மையாக மிதப்பதுபோல் தெரியும் இன்னொரு மாளிகை, 1746-இல் கட்டி முடிக்கப்பட்ட ஜக் நிவாஸ், இப்போது நட்சத்திர விடுதி. அங்கே தங்குபவர்கள் தவிர மற்றவர்கள் இறங்க இயலாது. லால் காட்டிலிருந்து புறப்படும் படகுகளுக்குக் கட்டணம் குறைவு, ஆனால் எந்தத் தீவில் நிற்கும் என்பதை ஏறுமுன் கேட்டுக்கொள்ள வேண்டும். மாலை வெயிலுக்கான சவாரிக்குக் கட்டணம் கூடுதலாக வாங்குவார்கள். கூட்டமும் கூடுதல். நான்கு மணிக்கு முன் போவதே மேல்.

ஜகதீஷ் சௌக்கைச் சுற்றி நடக்கும்போது, தான் ஓவியப் பள்ளி மாணவர் என்றும் தன் ஆசிரியரின் கண்காட்சியை இலவசமாகப் பார்க்கலாம் என்றும் சொல்லி யாராவது அழைத்தால், அது கடைக்கான அழைப்பு என்பதை நினைவில் கொள்ளுங்கள். நுண்ணோவியம் வாங்கும் எண்ணம் இருந்தால் நான்கு கடைகளில் விலை கேட்டுவிட்டு, கையால் வரைந்ததா, அச்சிட்டு வண்ணம் தீட்டியதா என்று வெளிச்சத்தில் கோட்டை உற்றுப் பார்த்து வாங்குங்கள்.

குன்றின் மேல் கடைசி இடம்

நேரம் இருந்தால் குலாப் பாக் தோட்டத்தில் ஒரு மணி நேரம் செலவிடலாம். அதுவும் சஜ்ஜன் சிங் அமைத்ததுதான். சஜ்ஜன் நிவாஸ் என்பது அதன் பழைய பெயர். உள்ளே இருக்கும் நவலக்கா மகாலில் 1882-இல் ஆரிய சமாஜ நிறுவனர் தயானந்த சரஸ்வதி மகாராணாவின் விருந்தினராகத் தங்கியிருந்தார். பிச்சோலாவையும் ஃபதே சாகர் ஏரியையும் இணைக்கும் சுவரூப் சாகர், பாகோரிலிருந்து வந்த சுவரூப் சிங்கின் பெயரைத் தாங்கியது. அதன் கரை வழியாக ஆட்டோவில் ஃபதே சாகருக்குச் சென்றால், உள்ளூர்க் குடும்பங்கள் மாலையில் எங்கே காற்று வாங்குகின்றன என்பது தெரியும். அருகிலுள்ள சஹேலியோன் கி பாடி என்ற தோட்டத்தின் நீரூற்றுகள் அழகானவை, ஆனால் கூட்டத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது.

மாலை நான்கரைக்கெல்லாம் அங்கிருந்து கிளம்பி சஜ்ஜன்கர் குன்றுக்குப் போய்ச் சேருங்கள். கடல் மட்டத்திலிருந்து 944 மீட்டர் உயரத்தில், மழை மேகங்களைப் பார்ப்பதற்காகச் சஜ்ஜன் சிங் கட்டத் தொடங்கி, அவர் மறைவுக்குப் பின் அடுத்த மகாராணா ஃபதே சிங் முடித்து வைத்த மாளிகை அது. வனவிலங்குச் சரணாலயத்துக்குள் இருப்பதால் அடிவாரத்தில் சீட்டு வாங்க வேண்டும். உங்கள் ஆட்டோ மேலே ஏற அனுமதி இல்லையென்றால் அங்கிருந்து செல்லும் வண்டிகளில் ஏறிக்கொள்ளலாம். மாளிகைக்குள் பார்க்க அதிகம் இல்லை. நேராக மாடிக்குச் சென்று கிழக்குப் பக்கம் நின்றால், மலைகளுக்கு நடுவே ஃபதே சாகரும், அதற்குத் தெற்கே பிச்சோலாவும், அதன் கரையில் வெள்ளைக் கோடாக அரண்மனையும் தெரியும். அரண்மனையின் வடக்கு முனையை ஒட்டிக் கரையோரமாகப் பார்வையை நகர்த்தினால், பாகோர் வீடு இருக்கும் இடத்தை ஏறத்தாழக் கண்டுபிடித்துவிடலாம். சூரியன் மறைவதோ நேர் எதிர்த் திசையில். அதனால் இரண்டு பக்கமும் மாறி மாறி நடக்க வேண்டியிருக்கும். சூரியன் மறைந்ததும் எல்லோரும் ஒரே சமயத்தில் இறங்குவார்கள், கீழே செல்லும் வண்டிகளுக்கு நீண்ட வரிசை நிற்கும். பத்து நிமிடம் முன்னதாக இறங்கிவிடுங்கள், அல்லது கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு கூட்டம் கலையும் வரை அங்கேயே இருங்கள்.